ஒரே மாதிரி இரண்டு ஸ்லைடா? ஒன்றைத் தூக்கி எறியாதீர்கள்!

வீடு மாறும்போது பல குடும்பங்களில் நடப்பதுதான். அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின் இறங்கும். திறந்தால் உள்ளே ஸ்லைடு படங்கள். தாத்தாவோ பெரியப்பாவோ கேமரா ஆசையில் எடுத்து வைத்தவை. ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் பாட்டி மல்லிகைச் சரத்தோடு நிற்கிறார். அடுத்ததை எடுத்தால் அதே பாட்டி, அதே மல்லிகைச் சரம். "ரெண்டும் ஒன்னுதானே, ஒன்னு போதும்" என்று யாராவது சொல்வார்கள். மற்றொன்று குப்பைத் தொட்டிக்குப் போகும்.

அந்த இரண்டும் ஒரே படம் இல்லாமல் இருக்கலாம். ஒன்று இடக் கண்ணுக்கு, மற்றொன்று வலக் கண்ணுக்கு என்று எடுக்கப்பட்ட ஜோடியாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்து முறைப்படி திரையில் காட்டினால் பாட்டி திரையை விட்டு எழுந்து நிற்பார். ஒன்றைத் தொலைத்துவிட்டால் மற்றது வெறும் படம்தான்.

இந்த ஜோடிப் படங்களை ஒரு கூடம் நிறைய மனிதர்களுக்குக் காட்டுவதற்கென்றே தனி வகைப் புரொஜெக்டர்கள் உருவாக்கப்பட்டன. அவை எப்படி வேலை செய்கின்றன, வடிவமைப்பில் எங்கே சறுக்குகின்றன, பழைய கருவிகளைக் கொண்டு இன்றும் ஒன்றை அமைக்க முடியுமா என்பதைப் பார்ப்போம்.

கண் செய்யும் கணக்கு

ஒரு சின்னச் சோதனை. கட்டைவிரலை முகத்துக்கு நேராக நீட்டுங்கள். இடக் கண்ணை மூடி வலக் கண்ணால் பாருங்கள். பிறகு மாற்றிப் பாருங்கள். விரல் இடம்விட்டு இடம் தாவுகிறது. பின்னால் இருக்கும் சுவர் அவ்வளவாக நகரவில்லை. பெரியவர்களின் இரு கண்மணிகளுக்கும் இடையே சராசரியாக ஆறரை சென்டிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருப்பதால் இது நிகழ்கிறது. இந்தச் சிறு வேறுபாட்டைக் கொண்டுதான் எது அருகில், எது தொலைவில் என்று மூளை கணக்குப் போடுகிறது.

இதை முதலில் தெளிவாக விளக்கிக் காட்டியவர் இங்கிலாந்தின் சார்ல்ஸ் வீட்ஸ்டன். 1838ல் இரண்டு கண்ணாடிகளை வைத்து, இரு கண்களுக்கும் வெவ்வேறு கோட்டுச் சித்திரங்களைக் காட்டினார். தட்டையான கோடுகள் கனசதுரமாக எழுந்து நின்றன. புகைப்படக்கலை பொதுமக்களை எட்டுவதற்கு முன்பே நடந்தது இது. பிறகு டேவிட் புரூஸ்டர் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய லென்ஸ் பெட்டியைக் கொண்டு வந்தார். 1851ல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்குப் பிறகு அது வீட்டுக்கு வீடு பரவியது.

நம்மில் பலருக்குத் தெரிந்த 'வியூ மாஸ்டர்' பொம்மையும் இதே குடும்பம்தான். 1939ல் அறிமுகமான அதன் வட்ட அட்டையில் 14 குட்டிப் படங்கள் இருக்கும். ஆனால் நாம் காண்பது 7 காட்சிகள். ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டு படங்கள்.

1947ல் அமெரிக்காவில் 'ஸ்டீரியோ ரியலிஸ்ட்' என்ற இரட்டை லென்ஸ் கேமரா விற்பனைக்கு வந்தது. சாதாரண 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரே நொடியில் இரு படங்களையும் எடுத்துவிடும். 1950களில் இதற்கு ஒரு பெரிய ரசிகர் கூட்டமே இருந்தது. அமெரிக்க அதிபர் ஐசனோவரும் அதில் ஒருவர்.

பெட்டிக்குள் ஒருவர், கூடத்தில் நூறு பேர்

கையில் பிடித்துப் பார்க்கும் பெட்டியில் சிக்கல் குறைவு. இடப் படம் இடக் கண்ணுக்கு முன்னால், வலப் படம் வலக் கண்ணுக்கு முன்னால். நடுவில் ஒரு தடுப்பு. ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும்.

கூடத்தில் நூறு பேர் உட்கார்ந்தால்? இரண்டு படங்களும் ஒரே திரையில், ஒன்றின் மேல் ஒன்றாக விழ வேண்டும். ஆனாலும் ஒவ்வொருவரின் இடக் கண்ணுக்கும் இடப் படம் மட்டுமே தெரிய வேண்டும். கலந்த பாலையும் நீரையும் மறுபடி பிரிப்பது போன்ற வேலை இது.

முதலில் வந்த வழி நிறம். ஒரு படத்தைச் சிவப்பிலும் மற்றதைப் பச்சையிலும் திரையில் வீழ்த்தி, சிவப்பு பச்சைக் கண்ணாடி அணிந்து பார்ப்பது. 1858ல் பிரான்ஸில் டல்மேடா என்பவர் விளக்குப் புரொஜெக்டர் கொண்டு இதைச் செய்து காட்டினார். தந்திரம் பலித்தது. ஆனால் படத்தின் இயல்பான நிறம் போய்விடுகிறது. தீபாவளிப் பட்டுப் புடவையைச் சிவப்பு பச்சைக் கண்ணாடி வழியே பார்த்து என்ன பயன்?

நிறத்தைக் கெடுக்காத வழியைத் திறந்துவிட்டவர் எட்வின் லேண்ட். 1929ல் அவர் காப்புரிமை கோரிய போலராய்டு தகடு, ஒளியை அதன் அதிர்வுத் திசையை வைத்துப் பிரிக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள வீட்டு வாசலின் இரும்புக் கதவைப் பாருங்கள். செங்குத்தான கம்பிகளுக்கு நடுவே ஒரு கயிற்றை விட்டு, மேலும் கீழுமாக ஆட்டினால் அலை மறுபக்கம் போகும். பக்கவாட்டில் ஆட்டினால் கம்பியில் தட்டி நின்றுவிடும். போலராய்டு தகடும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு திசையில் அதிரும் ஒளியை விடும், அதற்குக் குறுக்கான திசையில் அதிர்வதைத் தடுக்கும்.

ஆகவே இடப் புரொஜெக்டர் முன்னால் ஒரு தகட்டை ஒரு பக்கம் 45 டிகிரி சாய்த்தும், வலப் புரொஜெக்டர் முன்னால் இன்னொன்றை மறுபக்கம் 45 டிகிரி சாய்த்தும் வைக்கிறார்கள். பார்ப்பவர் அணியும் கண்ணாடியிலும் அதே சாய்வுகள். இடப் படத்தின் ஒளி இடக் கண்ணாடிக்குள் நுழையும். வலக் கண்ணாடி அதைத் தடுத்துவிடும்.

வெளிச்சம் எங்கே போகிறது?

கேட்க எளிதாக இருக்கிறது. கருவி செய்பவருக்குத் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது.

முதல் சிக்கல் வெளிச்சம். லென்ஸிலிருந்து வரும் ஒளி 100 பங்கு என்றால், போலராய்டு தகடு ஏறக்குறைய 40 பங்கைத்தான் வெளியே விடும். கண்ணாடியிலும் கொஞ்சம் போக, கண்ணுக்குக் கிடைப்பது சுமார் 30 பங்கு. அதனால்தான் முப்பரிமாணக் காட்சிகள் மங்கலாகத் தெரிகின்றன.

சரி, பெரிய விளக்கு போட்டால்? 1950களில் வந்த சில அமெரிக்க ஸ்டீரியோ புரொஜெக்டர்களில் 500 வாட் விளக்குகள் இரண்டு இருந்தன. ஒரே பெட்டிக்குள் 1,000 வாட் சூடு. இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஃபிலிமை வைப்பது போலத்தான். சூடு பட்டதும் ஸ்லைடு 'டப்' என்று வளைந்து, படம் கலங்கிவிடும். இரு ஸ்லைடுகளும் ஒரே மாதிரி வளைவதும் இல்லை. எனவே விளக்குக்கும் ஸ்லைடுக்கும் நடுவே வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடி வேண்டும். வலுவான காற்றாடி வேண்டும். தகடு தடுக்கும் ஒளியில் பெரும்பகுதி அந்தத் தகட்டுக்குள்ளேயே வெப்பமாக மாறுவதால், அதை லென்ஸுக்கு முன்னால், காற்றோட்டம் படும்படி சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தகடு நிறம் மாறிக் கருகிவிடும்.

இரண்டாவது சிக்கல் திரை. வெள்ளைச் சுவரில் காட்டினால் என்ன என்று தோன்றும். வெள்ளைச் சுவர் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும்போது, அதிர்வின் திசையையும் குழப்பிவிடும். பிரித்து அனுப்பியது திரையில் பட்டவுடன் கலந்துவிடும். பாட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பாட்டி நிழல்போல நிற்பார். உலோகப் பூச்சுள்ள திரைதான் அதிர்வின் திசையைக் காப்பாற்றும். சினிமாவுக்கு 'வெள்ளித்திரை' என்று பெயர். முப்பரிமாணப் படத்துக்கு அது வெறும் பெயர் இல்லை, கட்டாயத் தேவை.

வெள்ளித்திரைக்கும் ஒரு குறை உண்டு. நடுவில் அமர்ந்தவருக்குப் பளிச்சென்று இருக்கும், ஓரத்தில் அமர்ந்தவருக்கு மங்கும். சமூக மன்றக் கூடத்தில் காட்சி வைப்பவர்கள் நாற்காலிகளை அகலமாகப் பரப்பாமல், திரைக்கு நேரே நீளவாக்கில் போடுவது நல்லது.

கண் பொறுக்காத தவறு

மூன்றாவது சிக்கல்தான் மிகப் பெரியது. இரண்டு படங்களும் திரையில் சரியாகப் பொருந்த வேண்டும்.

நம் கண்கள் உள்நோக்கித் திரும்பப் பழகியவை. புத்தகம் படிக்கும்போது அதைத்தான் செய்கின்றன. ஆனால் ஒரு கண் மேலேயும் மற்றது கீழேயும் பார்க்க அவை பழகவில்லை. எனவே ஒரு படம் மற்றதைவிட உயரத்தில் விழுந்தால், சில மில்லிமீட்டர் என்றால் கண் சமாளித்துக்கொள்ளும். சில சென்டிமீட்டர் என்றால் கண் இழுபடும், தலை வலிக்கும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது. "எனக்கு இந்த 3டி எல்லாம் ஒத்துக்காது" என்று எழுந்து போய்விடுவார். உண்மையில் ஒத்துக்கொள்ளாதது புரொஜெக்டரைப் பொருத்திய விதம்.

பக்கவாட்டிலும் ஓர் எல்லை உண்டு. மிகத் தொலைவில் உள்ள பொருளின் இரு பிம்பங்களும் திரையில் ஆறரை சென்டிமீட்டருக்கு மேல் விலகி நின்றால், இரு கண்களும் ஒன்றுக்கொன்று எதிராக வெளிப்பக்கம் திரும்ப வேண்டிவரும். அது இயற்கைக்கு விரோதம்.

அதனால்தான் எடுக்கும்போதே கணக்குப் பார்க்கிறார்கள். ஃபிலிமில் இரு படங்களுக்கும் உள்ள விலகல் 1.2 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது இத்துறையில் பழகிவந்த விதி. 36 மில்லிமீட்டர் அகலமுள்ள ஸ்லைடு 1.8 மீட்டர் அகலத் திரையை நிரப்பினால், 50 மடங்கு பெரிதாகிறது. 1.2 மில்லிமீட்டர் விலகல் 6 சென்டிமீட்டர் ஆகும். எல்லைக்குள் இருக்கிறது. அதே ஸ்லைடை 5 மீட்டர் திரையில் காட்டினால் 16 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். அப்போது படங்களை நெருக்கி வைத்துச் சட்டமிட வேண்டும். திரை பெரிதானால் காட்சி சிறக்கும் என்பது இங்கே அப்படியே பொருந்தாது.

லென்ஸிலும் கவனம் வேண்டும். இரண்டு லென்ஸ்களிலும் '85 மில்லிமீட்டர்' என்றுதான் அச்சிட்டிருக்கும். ஆனால் உண்மையில் ஒரு விழுக்காடு வித்தியாசம் இருக்கலாம். 2 மீட்டர் திரையில் அது 2 சென்டிமீட்டர். நடுவில் சரியாகப் பொருந்தும் படம் ஓரங்களில் பொருந்தாது. எனவே பலவற்றைச் சோதித்து, ஒத்துப்போகும் இரண்டைத் தேர்ந்தெடுத்தே ஜோடியாக்குகிறார்கள்.

இரண்டு புரொஜெக்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உட்புறமாகத் திருப்புவதும் தவறு. ஒரு படம் இடது பக்கம் உயரமாகவும், மற்றது வலது பக்கம் உயரமாகவும் கோணலாகிவிடும். சரியான வழி, இரண்டையும் திரைக்கு நேராக இணையாக வைத்து, லென்ஸையோ ஸ்லைடையோ மட்டும் பக்கவாட்டில் இம்மியளவு நகர்த்துவது. ஒரே பெட்டியில் இரண்டு லென்ஸ் கொண்ட ஸ்டீரியோ புரொஜெக்டர்களின் பலம் இதுதான். லென்ஸ்கள் நெருக்கமாக இருப்பதால் கோணல் மிகக் குறைவு.

குட்டிச்சாத்தான் தந்த பாடம்

நம்மவர்களில் பலர் முப்பரிமாணத்தை முதலில் சந்தித்தது சினிமாவில்தான். 1984ல் நவோதயா அப்பச்சன் தயாரிப்பில் ஜிஜோ புன்னூஸ் இயக்கிய 'மை டியர் குட்டிச்சாத்தான்' இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படம். இளையராஜா இசை, அசோக்குமார் ஒளிப்பதிவு. 1985ல் விஜயகாந்த் நடித்த 'அன்னை பூமி 3டி' தமிழின் முதல் முப்பரிமாணப் படமாக வந்தது.

1980களில் வந்த இத்தகைய படங்களில் பெரும்பாலானவை இரண்டு புரொஜெக்டர்களைப் பயன்படுத்தவில்லை. ஒரே ஃபிலிம் சட்டத்தை மேல்பாதி, கீழ்பாதி என்று பிரித்து, ஒன்றில் இடப் படமும் மற்றதில் வலப் படமும் பதித்தார்கள். திரையரங்கில் ஒரு சிறப்பு லென்ஸ் இரண்டையும் எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக வீழ்த்தியது. இரு படங்களும் ஒரே ஃபிலிமில் இருப்பதால், ஒன்று முந்தி மற்றது பிந்தும் பேச்சுக்கே இடமில்லை. ஸ்லைடு புரொஜெக்டர் செய்பவர்கள் ஒரே சட்டத்தில் இரு படங்களையும் பொருத்துவதும் இதே காரணத்துக்காகத்தான்.

குட்டிச்சாத்தான் ஓடியபோது இன்னொரு பிரச்சினை முளைத்தது. கண்ணாடி மூலம் 'மெட்ராஸ் ஐ' என்னும் கண்நோய் பரவுகிறது என்று வதந்தி கிளம்பியது. ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் கண்ணாடிகள் சுத்தம் செய்யப்படுகின்றன என்று ரஜினிகாந்த், அமிதாப் பச்சன், பிரேம் நசீர் போன்ற நட்சத்திரங்களே திரையில் தோன்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. கருவி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், கடைசியில் அது மனிதர்களின் மூக்கில் ஏறும் கண்ணாடியில்தான் முடிகிறது. சுத்தமும் வடிவமைப்பில் ஒரு பகுதி.

சிங்கப்பூரில் இன்னொன்றும் உண்டு. கிட்டப்பார்வைக்காகக் கண்ணாடி அணியும் பிள்ளைகள் இங்கே மிக அதிகம். அவர்கள் அணிந்திருக்கும் கண்ணாடியின் மேல் மாட்டும்படியான அகலச் சட்டங்களை வாங்க வேண்டும். சொந்தக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னால் முப்பரிமாணமும் தெரியாது, படமும் தெரியாது.

எவ்வளவு சரியாகக் காட்டினாலும், நூற்றில் சிலருக்கு ஆழம் தெரியாது. மாறுகண், ஒரு கண்ணில் மட்டும் பார்வைக் குறைவு போன்றவை காரணமாக இருக்கலாம். எல்லாரும் கை நீட்டிப் பிடிக்கப் பார்க்கும்போது ஒரு பிள்ளை மட்டும் "எனக்கு ஒன்னும் வரலையே" என்றால், அதட்டாமல் கண் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

தேக்காவில் எடுத்துப் பார்க்கலாம்

புதிதாகப் படம் எடுக்க ஆசைப்படுவோர்க்குத் தேக்காவைவிட நல்ல இடம் கிடைக்காது. விதி இதுதான்: மிக அருகில் உள்ள பொருளின் தூரத்தை 30ஆல் வகுத்தால், இரு படங்களுக்கும் இடையே கேமரா நகர வேண்டிய தூரம் கிடைக்கும்.

கேம்பல் லேனில் 2 மீட்டர் தள்ளித் தொங்கும் பூச்சரங்களுக்கு, ஆறரை சென்டிமீட்டர் போதும். சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலின் ஐந்து நிலை ராஜகோபுரத்தை, முன்னால் எதுவும் மறைக்காமல், 30 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் ஆறரை சென்டிமீட்டரில் அது அட்டைப்படம் போலத் தட்டையாகத் தெரியும். ஒரு மீட்டர் நகர்ந்தால் சிற்பங்கள் ஒவ்வொன்றும் எழுந்து வரும். ஆனால் அப்போது கோபுரமே கொலுப்படியில் வைத்த பொம்மை அளவுக்குச் சிறுத்தது போலத் தோன்றும்.

ஒரே கேமராவை நகர்த்தி எடுப்பவர்கள் கூட்டத்தைத் தவிர்க்க வேண்டும். முதல் படத்தில் நின்றவர் இரண்டாவதில் போய்விட்டால், ஒரு கண்ணுக்கு மட்டும் தெரியும் ஆவியாகிவிடுவார். விடிகாலையில் போவது நல்லது. அல்லது இரண்டு கேமராக்களை ஒரே சட்டத்தில் மாட்டி, ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும்.

இன்று அமைப்பது எப்படி?

கோடாக் நிறுவனம் 2004ல் ஸ்லைடு புரொஜெக்டர் தயாரிப்பை நிறுத்திவிட்டது. 2017ல் மூடப்பட்ட சுங்கை ரோடு சந்தையும் இப்போது இல்லை. இருந்தாலும் ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு பழைய புரொஜெக்டர்கள் கிடைத்தால், அவற்றை ஜோடியாக்கலாம்.

ஒன்றை மேசையில் வையுங்கள். மற்றதை அதன் மேல், மூன்று திருகுகளில் நிற்கும் பலகையில் வையுங்கள். ஒன்று மேலே, ஒன்று கீழே இருப்பதால் சிறு கோணல் வரும். திரையிலிருந்து தள்ளி வைத்தால் அது குறையும். கட்டம் போட்ட சோதனை ஸ்லைடு இரண்டைப் போட்டு, முதலில் தெளிவு, பிறகு படத்தின் அளவு, பிறகு சாய்வு, பிறகு உயரம், கடைசியில் பக்கவாட்டு நிலை என்ற வரிசையில் சரிசெய்யுங்கள். போலராய்டு தகடுகளை அதற்குப் பிறகு மாட்டினால் போதும்.

அமெரிக்காவிலிருந்து வரவழைத்த கருவி என்றால் எச்சரிக்கை தேவை. அது 110 முதல் 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. நம் வீட்டில் 230 வோல்ட். 500 வாட் விளக்குகள் இரண்டுக்கு, 1,500 வாட் தாங்கும் மின்மாற்றி வேண்டும். பயணத்துக்கு எடுத்துப்போகும் சின்ன மாற்றி தீப்பிடிக்கும். அங்கே மின்சாரம் நொடிக்கு 60 சுற்று, இங்கே 50. அதனால் காற்றாடி மோட்டாரின் வகையைப் பொறுத்து அது மெதுவாகச் சுழன்று, சூடு கூடலாம். பழகிய மின்பணியாளரிடம் காட்டிவிட்டே இயக்குங்கள்.

டிஜிட்டல் புரொஜெக்டர் இரண்டை வைத்தும் இதைச் செய்யலாம். ஆனால் எல்சிடி வகைப் புரொஜெக்டர்கள் பலவற்றில் பச்சை ஒளி ஒரு திசையிலும், சிவப்பும் நீலமும் வேறு திசையிலும் அதிர்ந்து வெளிவரும். போலராய்டு தகடு வைத்தால் நிறம் கெட்டுவிடும். டிஎல்பி வகையில் இந்தத் தொல்லை இல்லை.

இடமா, வலமா?

மீண்டும் அந்தப் பிஸ்கட் டின்னுக்கு வருவோம். ஒரே மாதிரி இரண்டு ஸ்லைடு கிடைத்தால், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாட்டியின் தோளுக்குப் பின்னால் உள்ள தூணைக் கவனியுங்கள். தோளுக்கும் தூணுக்கும் உள்ள இடைவெளி இரண்டிலும் வேறாக இருந்தால், அது ஜோடி. எந்தப் படத்தில் பாட்டி தூணைவிடச் சற்று வலப்பக்கம் தள்ளி நிற்கிறாரோ, அது இடக் கண்ணுக்கான படம். மாற்றிப் போட்டால் ஆழம் தலைகீழாகும். தூண் முன்னால் வந்து, பாட்டி சுவருக்குள் போய்விடுவார்.

ஜோடியை உறுதி செய்ததும், சட்டத்தில் 'இ', 'வ' என்று பென்சிலால் குறித்து, இரண்டையும் ஒரே உறையில் வையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். புரொஜெக்டரில் காட்டும்போது ஒரு ஸ்லைடை ஒரு நிமிடத்துக்கு மேல் நிறுத்தாதீர்கள், சாயம் வெளுக்கும். முடிந்தால் இரண்டையும் ஸ்கேன் செய்து, கணினியிலும் அடுத்தடுத்த பெயரில் சேமியுங்கள்.

புரொஜெக்டரை இன்றில்லாவிட்டால் நாளை தேடிப் பிடித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் புதிதாக ஒன்றைச் செய்துகொள்ளலாம். தூக்கி எறிந்த அந்த இரண்டாவது ஸ்லைடை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.